அடுப்படிக்கு ஒரு கொடையாளர்

அந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கடைக்காரர் ஒரு பெரிய முடிவோடு சட்டையை மாட்டினார். இன்றைக்கு ஊர் நற்பணிச் சங்கத்தில் எவர் என்ன கேட்டாலும் கொடுத்துவிடுவது. அடுத்த வாரம் தலைவர் தேர்தல். போட்டிக்கு நிற்பவர் சங்கத்துச் செயலாளர், அதாவது மருந்துக்கடைக்காரர்.

மருந்துக்கடைக்காரரோடு நம்மவருக்கு நாலு வருஷப் பகை. காரணம் ஒரு முழங்கை. முதியோர் இல்லத்துக்குப் போர்வை கொடுத்தபோது எடுத்த படத்தில், மருந்துக்கடைக்காரர் நடுவில் நின்று அத்தனை பல்லையும் காட்டிக்கொண்டிருந்தார். போர்வைகளை வாங்கிக் கொடுத்த நம்மவர் ஓரத்தில் வெறும் முழங்கையாக விழுந்திருந்தார். அந்தப் படத்தைச் சங்கத்துச் சுவரில் மாட்டி வேறு வைத்தார்கள். வருகிறவர்களிடம் எல்லாம் "அது நான்தான்" என்று முழங்கையைக் காட்டுவதே அவருக்குப் பிழைப்பாகிவிட்டது.

அந்த வயிற்றெரிச்சலில்தான் சங்கத்தில் ஒரு விதியே கொண்டுவந்தார். இனிமேல் படம் கிடையாது. உதவி வேண்டுகிறவர்கள் பெயர் போடாமல் வாசல் பெட்டியில் கடிதம் போடலாம். விலாசம் மட்டும் தனி உறையில், ஒட்டியபடி. வாரக் கூட்டத்தில் கடிதத்தை வாசிப்பார்கள். யார் எழுந்து வாக்குக் கொடுக்கிறாரோ அவர் மட்டும் உறையைப் பிரிக்கலாம். வாக்கு தீர்மான நோட்டில் ஏறும். ஏறியது இறங்காது. அடுத்த வாரம் வாங்கியவர் எழுதும் கடிதத்தையும் சபையில் வாசிப்பார்கள்.

இந்த விதியின் பெருமையை மனைவியிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். அவளும் பாத்திரம் துலக்கிக்கொண்டே பத்துத் தடவையும் "ம்" கொட்டினாள்.

அன்றைக்குப் பெட்டியில் ஒரே ஒரு கடிதம். மருந்துக்கடைக்காரர் வாசித்தார்.

"ஐயா, நான் ஒரு குடும்பத் தலைவி. எங்கள் அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது. பதினோரு வருஷமாக ஒரு மின்விசிறி கேட்கிறேன். என் வீட்டுக்காரர் ஊருக்கெல்லாம் நல்லவர். என்னிடம் மட்டும் அடுத்த மாசம் என்பார். அந்த அடுத்த மாசம் நூற்று முப்பது தடவைக்கு மேல் வந்து போய்விட்டது."

"இப்படியும் ஒரு ஆளா?" என்றார் தையல்காரர்.

நம்மவர் துள்ளி எழுந்தார். "அவனெல்லாம் ஒரு மனுஷனா? கட்டினவளை வேக வெச்சுட்டு ஊருக்கு நல்லவனாம். ஃபேனை நான் வாங்கித் தர்றேன். என் கையாலேயே மாட்டியும் தர்றேன்."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. மருந்துக்கடைக்காரர் முகம் சுண்டிப்போனது. அதைப் பார்த்ததும் நம்மவருக்குத் தலைகால் புரியவில்லை.

"அதோட, அந்தம்மா வேற என்ன கேட்டாலும் செய்வேன். எழுதிக்கோங்க."

"என்ன கேட்டாலும்னே எழுதட்டுமாண்ணே?" என்று நோட்டைத் திறந்தார் மருந்துக்கடைக்காரர்.

"தாராளமா எழுதுங்க."

மின்விசிறியை வாங்கிக்கொண்டு, கடை வாசலிலேயே நின்று உறையைப் பிரித்தார். கதவு எண்ணைப் பார்த்தார். அட, நம்ம வீட்டு நம்பரையே இன்னொரு வீட்டுக்கும் கொடுத்திருக்கிறார்களே என்று நினைத்தார். தெருப் பெயரும் நம்ம தெருவாகவே இருந்தது. மூன்றாவதாகத்தான் அந்தக் குண்டுக் கையெழுத்து கண்ணில் பட்டது. சலவைக்குப் போடும் துணிகளை எழுதிவைக்கிற அதே கையெழுத்து.

வீட்டுக்குள் நுழைந்ததும் குதித்தார். "ஏண்டி, என்ன கூத்து இது?"

"எதுங்க?"

"சங்கத்துல நீ போட்ட லெட்டர்."

"நான் பேரே போடலையே. வாக்குக் கொடுக்கறவர்தானே உறையைப் பிரிக்கணும்? அப்போ நீங்கதான் அந்தப் புண்ணியவானா?"

"விளையாடாதே. வெளிய தெரிஞ்சா என் மானம் கப்பலேறிடும்."

"எப்படித் தெரியும்? ரகசியம்னு நீங்கதானே விதி கொண்டுவந்தீங்க."

"என்கிட்டயே கேட்டிருக்கலாம்ல?"

"உங்ககிட்ட பதினோரு வருஷம் கேட்டேன். சங்கத்துக்கிட்ட ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்."

அவர் விசிறியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார். ஸ்டூலைப் போட்டு ஏறினார். சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்குள் கட்டைவிரலில் மூன்று அடி. கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"என்ன கேட்டாலும் செய்வேன்னு சபையில சொன்னீங்களாமே? தையல்காரர் சம்சாரம் இப்பத்தான் சொல்லிட்டுப் போறா."

"அது சும்மா ஒரு வேகத்துல வந்துடுச்சு."

"நோட்டுல ஏறிடுச்சாமே."

அந்த வாரம் முழுக்க மனிதர் பெட்டிப்பாம்பாக இருந்தார். அவருடைய தலைவர் பதவி இப்போது அவள் எழுதப் போகும் கடிதத்தில் அல்லவா தொங்குகிறது. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார். அவள் தும்மினால் ஓடிவந்து என்ன ஏது என்று விசாரித்தார்.

"லெட்டர் எழுதியாச்சா?"

"யோசிச்சிட்டிருக்கேன்."

"ரெண்டு வரி போதும்டி."

"தலைவராகப் போறவருக்கு ரெண்டு வரியா? நல்லாவா இருக்கும்?"

சனிக்கிழமை எழுதி ஒட்டிவிட்டாள். கொஞ்சம் காட்டேன் என்று கெஞ்சினார். கொடுத்தவர் படிக்கக் கூடாது, அதுவும் விதி என்றாள்.

ஞாயிறு பத்து மணிக்குக் கூட்டம் தொடங்கியது. வேண்டா வெறுப்பாக மருந்துக்கடைக்காரர் கடிதத்தை வாசித்தார். "விசிறி தந்தவர் தங்கமான மனிதர். தன் கையாலேயே மாட்டித் தந்தார். கட்டைவிரல் வீங்கியும் முகம் சுளிக்கவில்லை. இப்படி ஒருவர் தலைவராக வந்தால் சங்கம் தழைக்கும்."

அதற்குமேல் தேர்தல் எதற்கு? எல்லாக் கையும் நம்மவருக்கே உயர்ந்தன. நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சுவரில் இருந்த முழங்கையை அவர் ஒரு பார்வை பார்த்தார். நாலு வருஷப் பகை தீர்ந்தது. சுமார் ஒரு நிமிஷம் தீர்ந்தே இருந்தது.

"பின்பக்கம் இன்னும் நாலு வரி இருக்கு" என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் குரலில் புது உயிர் வந்திருந்தது.

"என்ன கேட்டாலும் செய்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். வாரத்தில் ஒரு நாளாவது அடுப்படியை விட்டு வெளியே உட்கார ஆசை. ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டை மட்டும் அவர் சமைத்துத் தந்தால் போதும். காலை பத்து மணிக்குத் தொடங்கினால் சரியாக இருக்கும்."

சபை சொக்கிப் போயிற்று. அந்தம்மாவுக்கு எவ்வளவு சின்ன ஆசை என்று தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பத்து மணிக்குத்தானே நம்ம கூட்டம்?" என்றார் தலைவர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அதுக்கென்னண்ணே. தலைவர் வராத அன்னிக்குச் செயலாளர் நாற்காலியில உட்காரலாம். நான் பார்த்துக்கறேன். நீங்க போய் அந்தம்மாவைப் பாருங்க."

முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் அந்தக் கல்நெஞ்சுக்காரன் யார் என்று தெரிந்துவிடும். தலைவர் தலையை ஆட்டினார்.

மறு ஞாயிறு பத்து மணி. சங்கத்தில் மருந்துக்கடைக்காரர் தலைவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கூட்டத்தைத் தொடங்கினார். தலைவர் அடுப்படியில் நின்று, கண்ணில் நீர் வழிய மூன்றாவது வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து பத்திரிகையைப் புரட்டிய மனைவி குரல் கொடுத்தாள்.

"ஏங்க, உள்ள காத்து நல்லா வருதுங்களா?"