காருக்கு வந்த வயிற்றுவலி

இனிமேல் நம் காருக்கு நானே டாக்டர் என்று அறிவித்தபோது என் மனைவி சிரிக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாள் முழுக்க வார்டில் டாக்டர்களோடு மாரடிக்கிறவள். அதனால் அந்தப் பட்டத்தின் மேல் அவளுக்குப் பெரிய மயக்கம் ஒன்றும் கிடையாது. "சரி, பாருங்க" என்று சொல்லிவிட்டு யூனிஃபாரத்துக்கு இஸ்திரி போடப் போய்விட்டாள்.

விஷயம் இதுதான். எங்கள் கார் எங்கள் கல்யாணத்தைவிட வயதில் மூத்தது. அதன் எஞ்சினுக்கு மேலே மூடிபோல் உட்கார்ந்திருக்கும் சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டுவிட்டது. மெக்கானிக் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டிக் கொடுத்தார். ராஜாபோல் ஓட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் தெரு முனை வருவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. பானெட்டுக்குள்ளிருந்து குக்கர் மாதிரி சீறல். தலையையே மாற்றியும் கோபம் தணியாத பிறவியை நான் அன்றுதான் பார்த்தேன்.

மறுபடியும் மெக்கானிக்கிடமே விடலாம் என்றாள் மனைவி. கெடுத்தவரிடமே கொடுப்பதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த ரோஷத்தில்தான் டாக்டரானேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் இறங்கினேன். எஞ்சினை ஓடவிட்டேன். முள் ஏறியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் எங்கோ கொளகொளவென்று ஒரு சத்தம். ஒரு யோசனை தோன்றி, குளிர்காலத்துக்கென்று காரில் வைத்திருக்கும் ஹீட்டரைத் திருப்பினேன். எஞ்சின் கொதிக்கிறது, ஹீட்டரிலோ சில்லென்ற காற்று. எஞ்சினில் சுடும் தண்ணீர்தான் ஹீட்டருக்கும் போக வேண்டும். அது போகவில்லை. அப்படியென்றால் நடுவே காற்று அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஹெட்டை மாற்றும்போது தண்ணீரை இறக்கியவர்கள், திரும்ப நிரப்பும்போது உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றாமல் விட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் கோளாறு. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சரிசெய்துவிடலாம்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருளின் கோளாறை நானே கண்டுபிடித்திருக்கிறேன். மனைவியிடம் சொல்ல ஓடினேன். சமையலறை வாசலில் என் கால்கள் பிரேக் போட்டன. உள்ளே அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா, இன்னைக்கு வர முடியாது. கார் சரியில்ல."

அந்த நாலு வார்த்தை என் காதில் சங்கீதமாக விழுந்தது. ஏன் என்று சொன்னால்தான் உங்களுக்கு என் நிலைமை புரியும். ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போவது வழக்கம். அக்கா தங்கமான மனுஷி. அக்காவின் கணவர், அதாவது என் சகலை, அவரும் தங்கம்தான், பேசாமல் இருந்தால். அவர் புதிதாக ஒரு கார் வாங்கியிருக்கிறார். அது லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்பதைத் தவிர உலகத்தில் வேறு விஷயமே இல்லை என்பது அவர் முடிவு. மனசுக்குள் அவருக்கு மைலேஜ் என்று பெயர் வைத்திருக்கிறேன். என்னைவிடச் சில மாதங்கள்தான் மூத்தவர். ஆனாலும் "தம்பி, நீங்க கிளட்ச்சை மிதிக்கிறதே தப்பு" என்று ஆரம்பித்தால், வெளியே இருட்டுகிற வரைக்கும் என் பாதத்தை விடமாட்டார்.

வந்த சுவடு தெரியாமல் ஷெட்டுக்குத் திரும்பினேன். காற்று அங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போதும் மனசு குளிர்கிறது. ஷெட்டில் ஒரு பழைய ஈஸி சேர், தலைக்கு ஒரு தலையணை, கையில் ஒரு துப்பறியும் நாவல். நடுநடுவே ஸ்பேனரால் எதையாவது டங்கென்று தட்டினால் போதும், வீட்டுக்குள் வேலை நடக்கிற மாதிரி கேட்கும். வெளியே வருவதற்கு முன் மூக்கில் கொஞ்சம் கிரீஸ் தடவிக்கொள்வேன். மனைவி பரிதாபமாகப் பார்த்து, இந்த வாரம் எங்கே கோளாறு என்று விசாரிப்பாள். தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் என்பேன். அடுத்த வாரம் தண்ணீர் பம்ப் என்பேன். அதற்கடுத்த வாரம் கேஸ்கெட். எல்லாவற்றுக்கும் பொறுமையாகத் தலையாட்டுவாள். எனக்கு ஒரே ஒரு குறை. இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பைச் செய்துவிட்டு யாரிடமும் பீற்றிக்கொள்ள முடியாமல் வயிறு உப்பிப்போயிருந்தது.

நேற்று சனிக்கிழமை. மத்தியானம் சாப்பாடு பரிமாறும்போது மனைவி பேச்சை ஆரம்பித்தாள்.

"ஏங்க, அக்காகிட்ட சொல்லிட்டேன். இனிமே நாம அங்க போக வேண்டாம்."

முகத்தில் பாடுபட்டுச் சோகத்தை வரவழைத்தேன். "அடடா, அவங்க வருத்தப்படுவாங்களே."

"வருத்தம் எதுக்கு? ஞாயித்துக்கிழமைன்னா அவங்களே இங்க வந்துடறாங்க. மாமா ஸ்பேனர் செட்டோட வர்றார். தம்பி தனியா கஷ்டப்படறாரேன்னு அவருக்கு மனசே கேக்கலையாம். ஷெட்ல உங்க கூடவே உக்காந்து பாக்கறாராம்."

"கூடவேவா?"

"காலையில வந்தா ராத்திரி சாப்பிட்டுட்டுத்தான் போவாங்க."

அவர் வீட்டிலிருந்தாவது நேரமாகிவிட்டது என்று சொல்லித் தப்பித்து வரலாம். சொந்த வீட்டிலிருந்து எங்கே போவது? என்றைக்கு வருகிறார்கள் என்று கேட்டேன். நாளைக்கே என்றாள்.

கை கழுவிய ஈரம் காய்வதற்குள் ஷெட்டில் இருந்தேன். காரைத் தள்ளி, வாசல் சரிவில் மூக்கு மேலே பார்க்கும்படி நிறுத்தினேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பி, எஞ்சினை ஓடவிட்டேன். குபுக், குபுக் என்று குமிழிகள் வர ஆரம்பித்தன. தண்ணீர் இறங்க இறங்க ஊற்றினேன். கடைசியாக ஒரு பெரிய ஏப்பம். மூடியைப் போட்டு, ஊரை ஒரு சுற்றுச் சுற்றினேன். முள் நடுவில் சமர்த்தாக நின்றது. ஹீட்டரிலிருந்து அனல் காற்று முகத்தில் அடித்தது. வேர்த்துக் கொட்டக் கொட்டச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நிறுத்தினேன். மனைவி வாசலில் கைகட்டி நின்றிருந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேன். உள்ள காத்து அடைச்சிருந்துச்சு, அவ்வளவுதான். உடனே அக்காவுக்குப் போன் போடு. அவங்க அலைய வேண்டாம், நாமளே வர்றோம்னு சொல்லு."

"காத்துதான்னு எனக்கு முதல் வாரமே தெரியுங்க. நீங்க குளிக்கப் போனப்ப ஹீட்டரைப் போட்டுப் பார்த்தேன். டிரிப்ஸ் டியூப்ல காத்து நின்னா மருந்து இறங்காது. நான் தினம் பாக்கறதுதானே."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"நீங்க எப்பக் கண்டுபிடிப்பீங்கன்னு பார்த்தேன். அப்புறம்தான் புரிஞ்சுது, கண்டுபிடிச்சு ரொம்ப நாளாச்சுன்னு. நிஜமா வயித்துவலி வந்தவர் தினமும் ஒரே இடத்தைத்தான் தொட்டுக் காட்டுவார். லீவுக்காக வந்து படுக்கறவர்தான் இன்னைக்கு இங்க, நாளைக்கு அங்கம்பார். உங்க காருக்கு வாரத்துக்கு ஒரு இடத்துல வலிச்சுது."

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"அவங்களுக்கு ஒரே வைத்தியம்தான். கட்டில் பக்கத்துல நின்னு, பெரிய ஊசியா எடுத்துட்டு வான்னு சத்தமா சொல்லணும். எழுந்து நடந்துடுவாங்க."

"அப்ப மாமா நாளைக்கு ஸ்பேனரோட வர்றது?"

"அதுதான் ஊசி." அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அவங்க இங்க இருந்தாத்தானே வர்றதுக்கு? வர முடியாதுன்னு நான் அக்காகிட்ட சொன்ன மறுநாளே குடும்பத்தோட டூர் கிளம்பிப் போயாச்சு. நீங்கதான் அவங்களப் பத்தி ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே."

ஊரிலேயே இல்லாத மனிதருக்குப் பயந்து இத்தனை ஞாயிறும் ஷெட்டில் ஒளிந்து கிடந்திருக்கிறேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் நின்று இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். தோற்றால் என்ன? கார் சரியாகிவிட்டது, கண்டுபிடித்ததை ஒருவழியாகச் சொல்லியாகிவிட்டது, சகலையும் ஊரில் இல்லை. மனைவியின் மேல் அப்படி ஒரு பிரியம் பொங்கியது.

"அப்ப நாளைக்கு எங்கயும் போக வேண்டாம்" என்றேன்.

"காலையில ஸ்டேஷனுக்கு மட்டும் போங்க. அவங்க டூர் முடிஞ்சு வந்து இறங்கறாங்க. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கறாங்களாம், முடியற வரைக்கும் நம்ம வீட்லதான். மாமாவுக்கு முன் சீட்டு குடுங்க, கார் ஓட்டாம இருந்த இத்தனை நாளும் பேச்சை எல்லாம் உங்களுக்குன்னே சேர்த்து வச்சிருக்காராம்."