நான், சேகர், ஆல்பர்ட், மற்றும் சிலர்

எனக்கு யாரிடமும் எதையும் கேட்க வராது. பஸ்ஸில் பக்கத்து ஆளை "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று சொல்லக்கூட வராது. இந்த லட்சணத்தில்தான் செயற்கை நுண்ணறிவில் ஆராய்ச்சி செய்யக் கிளம்பினேன்.

2008 வாக்கில் கடலூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தது சிதம்பரத்தில்; அறையும் அங்கேதான். அறையில் நானும் ஒரு கணினியும். கல்லூரியில் ஆராய்ச்சி என்று வாயைத் திறந்தால் சக ஆசிரியர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். (என்னையும் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டதில்லை.)

ஒருநாள் முதல்வரே அழைத்தார். "ஒரு ஒர்க்‌ஷாப் நடத்துங்க சார். நம்ம ஸ்டாஃப்ல மூணு பேரு சேர்றேன்னு சொன்னா போதும், ரிசர்ச் குரூப் ஆரம்பிச்சுக்கலாம். தனி ரூமே தரேன்."

தனி அறைக்கு எனக்குப் பஞ்சமில்லை. அந்த மூன்று பேர்தான் வேண்டும்.

முகத்தைப் பார்த்து இன்னார் என்று சொல்லும் மென்பொருளைச் செய்துகாட்ட முடிவெடுத்தேன். தெரிந்த முகமென்றால் பெயரும் படமும் திரையில் வரும். இல்லையென்றால் 'அறியாத நபர்' என்று வரும். அதைப் பழக்கப் பல பேருடைய முகங்கள் தேவை. கேமராவோடு சிதம்பரம் மேலவீதியில் ஒரு மாலை முழுக்க நின்றேன். யாரையும் கேட்காமல் திரும்பி வந்தேன்.

பிறகென்ன, நானே பல பேரானேன். கண்ணாடி போட்டால் குமார். தலையில் துண்டு கட்டினால் சேகர். மீசையை எடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆல்பர்ட் பிறந்தான். கடைசியில் என் சொந்தப் பெயரிலும் ஒரு ஆள். சேகரோடு எனக்குக் கொஞ்சம் ஒட்டுதல்கூட உண்டாகிவிட்டது. சாப்பிட்டாயா என்று அவனை ஒருமுறை கேட்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள், அந்த வாரம் நான் பேசிய ஒரே ஆள் அவன்.

ஒர்க்‌ஷாப்புக்கு மதியச் சாப்பாடு, கடலூர் முதுநகரில் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கும் என் மாமாவின், அதாவது அக்கா வீட்டுக்காரரின் பொறுப்பு. சாம்பார் வாளியோடு அவர் உள்ளே வந்த நேரம் முதல்வர் கேமரா முன் உட்கார்ந்தார். 'அறியாத நபர்' வரும் என்று காத்திருந்தேன்.

திரையில் வந்தது: சேகர். கூடவே தலையில் துண்டும், பின்னால் கொடியில் பனியனுமாக என் படம்.

"யாரு சார் இது?" என்றார் முதல்வர். அடுத்து இயற்பியல் மேடம் உட்கார்ந்தார். ஆல்பர்ட். அதே பனியன். இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் உள்ள எல்லாரும் நான்தான் என்று அந்த இயந்திரம் தீர்மானித்திருந்தது. அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது.

மானம் காக்கக் கோட்டும் டையுமாக நானே போய் உட்கார்ந்தேன்.

'அறியாத நபர்.'

அதற்கு மேல் யாருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. சாப்பாட்டை மட்டும் பாராட்டினார்கள். குழுவுக்கு ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை.

மாமா விஷயத்தைச் சொல்லிவிட்டார் போலும், சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போன என்னை அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "போட்டோ புடிக்க ஆளு இல்லன்னா எங்கள கூப்புட வேண்டியதுதானடா? எங்க தெருவே வந்து நின்னிருக்கும். அவுங்களுக்கு என்ன நஷ்டம்?"

முதுநகர் வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போய் வந்தேன். ஒருநாள்கூட அது தோன்றவில்லை. அழுகை வந்தது. சாப்பிட்டுச் சமாளித்தேன்.

இப்போது கல்லூரி கல்லூரியாகப் போய், ஆராய்ச்சிக் குழுவை எப்படி உருவாக்குவது என்று வகுப்பெடுக்கிறேன். (என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்!) ஆனால் உறவில் எந்தக் கல்யாணமானாலும், போட்டோகிராபர் எல்லாரையும் மேடைக்குக் கூப்பிட்டதும் மாமா சத்தம் போடுவார்: "எதுக்குப்பா இத்தன பேரு? இவன் ஒருத்தன நிக்க வையி, குரூப் போட்டோ எடுத்துடலாம்!"

மண்டபமே சிரிக்கும், நானும்தான். அக்கா மட்டும் சிரிக்கமாட்டாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் எல்லாருக்கும் நடுவில் என்னை நிறுத்திவிட்டு, படம் எடுத்து முடியும்வரை பிடித்த கையை விடமாட்டாள்.