தூணுக்குக் கட்டிய காப்பு

அன்று காலை மண்டபத்துக்கு முன்னால் இருந்தவர்கள் இவர்கள். டவுனிலிருந்து வந்த ரோடு காண்ட்ராக்டர். பந்தல்குடியிலிருந்து கடப்பாரையோடு வந்த கூலியாட்கள். மாரியம்மன் கோயில் பூசாரி. எதிர்த்த சாப்பாட்டுக் கடையிலிருந்து குழம்புக் கரண்டியோடு ஓடிவந்த நான். மண்டபத்துக்குள்ளே, பஞ்சர் ஒட்டிக்கொண்டு, முடியாது.

முடியாது என்பது ஆளின் பேர். வீட்டில் வைத்த பேர் வேறு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் உள்ள கரிசல்காட்டில், 'சரி' என்ற சொல்லை ஒரு தடவைகூடச் சொல்லாமல் செத்த மனுசன் அவர் ஒருத்தர்தான். தாலியைக் கையில் கொடுத்தபோதும் 'முடியாது' என்றாராம். மேளம் நின்றுவிட்டது. பொண்ணு தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தது. உடனே கட்டிவிட்டாராம். அப்போதும் 'சரி' சொல்லவில்லை.

வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார்.

"ண்ணே, ஒரு சைக்கிள் வேணும்."

"முடியாது."

கேட்டவன் நின்றுகொண்டே இருப்பான்.

"எங்கல போற?"

"ஆத்தாவுக்கு மேலுக்குச் சொகமில்ல. ஆஸ்பத்திரிக்கு."

"அந்தச் செவப்பு வண்டிய எடு. வாடக வாங்க முடியாது."

கடை இருந்தது பழைய கல்மண்டபத்தில். திருச்சுழிக் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் வெயிலுக்கு ஒதுங்க, எந்தக் காலத்திலோ யாரோ கட்டியது. சாயங்காலம் கடை சாத்தினால் அவர் நேரே வீட்டுக்குப் போகமாட்டார். ஒவ்வொரு தூணையும் மாட்டைத் தட்டுகிற மாதிரித் தட்டி, சத்தமாகப் பன்னிரண்டு வரை எண்ணிவிட்டுத்தான் போவார்.

"ண்ணே, எவனாச்சும் ஒண்ண மடியில கட்டிட்டுப் போயிட்டானா?" என்று என் கடையிலிருந்து கேட்பேன்.

"நீ கறிய எண்ணு. நான் கல்ல எண்ணுறேன்."

அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு நாள் பஸ்ஸில் கண்டக்டரிடம் சண்டை. 'அருப்புக்கோட்டைக்கு டிக்கெட் குடுத்தியே, கோட்ட எங்கல? காட்டு. காட்டுனாத்தான் எறங்குவேன்.' கண்டக்டர் பாவம், ரெண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாராம். பஸ் ஸ்டாண்டில் கூட்டம் கூடிவிட்டது. திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "பாத்தியா? கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள முழுக் கோட்டையையே காணாக்கிட்டானுக. பேரு மட்டும் மிச்சம். நான் எண்ணாம விடுவனா?"

இந்த ஆளிடம்தான் காண்ட்ராக்டர் வந்தார். தார் ரோடு நேராக வருகிறது, மண்டபம் நடுவில் நிற்கிறது.

"அண்ணாச்சி, சைக்கிளெல்லாம் வெளிய எடுங்க. மத்தியானத்துக்குள்ள இடிச்சிரணும்."

"முடியாது."

"கவர்மெண்டு ரோடுய்யா!"

"கவர்மெண்டு சுத்திப் போகட்டும். அதுக்கென்ன காலா வலிக்கப் போகுது?"

கூலியாட்கள் சிரித்துவிட்டார்கள். காண்ட்ராக்டருக்கு ரோசம் வந்துவிட்டது. "ஓசிக் கடைய விட மனசு வரல. இதுல கல்லுமேல பாசமாம்!" என்றார்.

முடியாது பஞ்சர் டியூபைக் கீழே வைத்தார். எழுந்தார். சைக்கிள்களை ஒவ்வொன்றாக உருட்டி வந்து, என் கடை ஓரம் மொட்டை வெயிலில் சாத்தினார். அப்புறம் என்னிடம் வந்து, "ஒரு துண்டு மஞ்ச குடு" என்றார். கையில் காயம் போல என்று நினைத்துக் கொடுத்தேன். திரும்ப மண்டபத்துக்குப் போனார். மூலைத் தூணில் ஒரு பொம்பளைச் சிலை உண்டு, மூக்கு உடைந்தது. நூலில் அந்த மஞ்சளைக் கோத்து, வேப்பிலை சொருகி, சிலையோடு சேர்த்துத் தூணைச் சுற்றிக் காப்புக் கட்டிவிட்டார்.

எங்கள் பக்கம் காப்புக் கட்டினால் விளையாட்டில்லை. பொங்கல் வைத்து அவிழ்க்கிறவரை மண் தோண்டக் கூடாது, கல் உடைக்கக் கூடாது, ஊருக்குள் கல்யாணம் கூடாது, கறி கூடாது. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும்.

பூசாரி பதறிப் போனார். "ஏய்யா, அது அம்மனில்ல. எவளோ ஆடுற பொம்பள!"

"உமக்கு எப்படித் தெரியும்? அவுககிட்ட கேட்டீரா?"

பூசாரி சிலையைப் பார்த்தார். சிலை ஒன்றும் சொல்லவில்லை. "எதுக்கும்..." என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். கூலியாட்கள் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"நூலுய்யா அது!" என்று காண்ட்ராக்டர் கத்தினார்.

"நூலுதான் மொதலாளி. நீங்களே அவுத்து விடுங்க, இடிக்கிறோம்."

காண்ட்ராக்டர் வேகமாகப் போனார். கையை நீட்டினார். அவரும் இந்தச் சீமைக்காரர்தானே. நீட்டின கை பாதியில் நின்றது. அப்படியே மேலே போய்த் தலையைச் சொறிந்தது.

"எப்பய்யா அவுப்பீரு?"

"பொங்க வச்சதும்."

"எப்ப வைப்பீரு?"

"கம்மா நெறஞ்சு மறுகா போனதும்."

எங்கள் கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் மறுகால் வழியாக வழிந்து போய்ப் பார்த்தவர்கள் ஊரில் ரெண்டு கிழவர்கள். அவர்களும் ஒத்துப் பேசமாட்டார்கள்.

அந்த நேரம் என் அடுப்பில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. கூட்டம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. போய் இறக்கி வைத்தேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது கத்திரிக்காய். லோடு லாரிக்காரர்கள் வந்து உட்கார்வார்கள். இலையைப் பார்ப்பார்கள். என்னைப் பார்ப்பார்கள். எழுந்து போவார்கள். கல்யாணம் வைத்திருந்தவர்கள் பொண்ணு ஊருக்குப் போய் வைத்தார்கள். ஊரே அவரை ஏசியது. நானும் போய் நின்றேன்.

"எம் பொழப்புல மண்ணு விழுகுதுண்ணே. அவுத்துருங்க."

"முடியாது."

"அப்படி என்னண்ணே இந்தக் கல்லுல இருக்கு?"

பஞ்சர் ஒட்டுவதை நிறுத்தினார். "கோட்ட கட்டுனவன் தனக்குக் கட்டுனான். அரமண கட்டுனவன் பொண்டாட்டிக்குக் கட்டுனான். இத எவனோ ஒருத்தன், யாருன்னே தெரியாம ரோட்டுல நடந்து வர்றவனுக்குக் கட்டிருக்கான். நீ நாளைக்கு நடந்து வருவல்ல?"

நான் கத்திரிக்காய் நறுக்கப் போனேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஊர் சந்தோசப்பட்டது. ஊரைவிடக் காண்ட்ராக்டர் சந்தோசப்பட்டார். குடையோடு வந்து கரையிலேயே நின்றார். தண்ணீர் ஏறியது. ஒரு சாண் இருக்கும்போது மழை விட்டுவிட்டது.

"ஒரு சாண்தானய்யா!" கிட்டத்தட்ட அழுதுவிட்டார்.

"கொறையுதுல்ல?"

அதற்கு மேல் அவரால் காத்திருக்க முடியவில்லை. ரோடு மண்டபத்தைச் சுற்றி வளைந்து போனது. இன்றைக்கும் கண்டக்டர்கள் 'முடியாது வளைவு எறங்கு' என்றுதான் சொல்கிறார்கள்.

ரோடு என் கடைக்கும் மண்டபத்துக்கும் நடுவில் வந்தது. ரோடுதான் எல்லை, இந்தப் பக்கம் காப்பு சேராது என்று பூசாரி சொல்லிவிட்டார். அவருக்கும் நாக்கு செத்துப் போயிருந்தது. ஊர் பழையபடி கறி தின்றது. முதல் நாள் குழம்பை ஒரு கும்பாவில் எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன்.

"முடியாது. கட்டுனவன் நான். அவுக்காமத் திங்கப்படாது."

கடைசிவரை தின்னவில்லை. சைக்கிள் கடையும் மண்டபத்துக்குத் திரும்பவில்லை. என் கடை ஓரம் நாலு பனையோலை போட்டுக்கொண்டார். வெயில் ஓலையைத் தாண்டி இறங்கும்.

"ண்ணே, செத்த நேரம் மண்டபத்துல போயி ஒக்காருங்க."

"முடியாது. கடைக்காகத்தான் பண்ணுனான்னு சொல்லிருவான்."

"அந்தக் காண்ட்ராக்டர் செத்தே வருசமாச்சுண்ணே."

"செத்தா என்ன? சொன்னது சொன்னதுதான்."

ஒரு சித்திரையில் அவரும் போய்ச் சேர்ந்தார். தூக்கிப் போகும்போது மண்டப நிழலில் கொஞ்சம் இறக்கி வைக்கலாம் என்றேன். காப்பு இருக்கு, கூடாது என்றார் பூசாரி. செத்தவரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அந்த ஐப்பசியில் கண்மாய் மறுகால் போனது. ஊரே போய்ப் பார்த்தது. காப்பை அவிழ்க்கலாமா என்று கேட்டார்கள்.

"கட்டுனவந்தான அவுக்கணும். அவன எங்க போயிக் கூப்பிட?" என்றார் பூசாரி.

காப்பு இன்னும் இருக்கிறது. நூல் மக்கினால் யாரோ புதுசு கட்டிவிடுகிறார்கள். யாரென்று ஊருக்குத் தெரியாது. மஞ்சள் என் கடை மஞ்சள்.

சாயங்காலம் கடை சாத்தியதும் ரோட்டைத் தாண்டிப் போவேன். ஒவ்வொன்றாகத் தட்டுவேன்.

பன்னிரண்டு.