வெட்டி எடுத்த குரல்

அந்தச் சின்ன அறையை மட்டும் உயிரே போனாலும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். வீட்டில் நான் எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் சாயங்காலம் வரைதான் தாங்கும். இதை ஒரு மாதமாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நான் ஒலிபெருக்கி பழுது பார்ப்பவன். கடைத்தெருவில் என்னை 'சவுண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்குள் எனக்குச் சவுண்டு கிடையாது, அது வேறு விஷயம். கடையில் இடம் போதாமல் பழைய ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர், ஊமையாகிப்போன ரேடியோ எல்லாவற்றையும் அந்த அறையில் கூரை வரை அடுக்கியிருந்தேன். அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் யாரும் எனக்கு எந்த வேலையும் சொல்ல முடியாது.

என் மனைவி மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். ஐம்பதை நெருங்குகிறாள். எந்த மாத்திரை எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவளுக்குச் சில மாதங்களாக எல்லாம் கைநழுவியது. பேசிக்கொண்டே இருப்பாள், நடுவில் வார்த்தை நின்றுவிடும். சாவிக்கொத்து ஃப்ரிட்ஜில் இருக்கும். வெண்ணெய் கைப்பையில் இருக்கும். ஒருநாள் தப்பான மருந்தைப் பொட்டலம் கட்டிவிட்டு, நீட்டுகிற கடைசி நொடியில் கவனித்து இழுத்துக்கொண்டாளாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதாள்.

டாக்டரம்மாவிடம் போனோம்.

"மாதவிலக்கு நிக்கிற வயசுல மூளைக்குள்ள மூட்டம் போட்ட மாதிரிதான் இருக்கும். பயப்படாதீங்க. மருந்து தர்றேன். முதல்ல நல்லாத் தூங்குங்க."

"எங்கம்மா தூங்கறது? பாதி ராத்திரி உடம்பு திகுதிகுன்னு எரியுது. மீதி ராத்திரி இவரோட குறட்டை."

திரும்பி வரும் வழியிலேயே கேட்டுவிட்டாள். "என்னங்க, அந்தச் சின்ன ரூமைக் காலி பண்ணிக் கொடுங்க. ஜன்னல் இருக்கு, காத்து வரும். தூங்கினாத்தான் என் வேலை நிலைக்கும்."

"பார்க்கலாம்" என்றேன். கல்யாணமான ஆண்களுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும்.

அவளுடைய மறதிக்கு ஏற்கெனவே நான் ஒரு வழி செய்து கொடுத்திருந்தேன். உள்ளங்கை அளவு பேசும் பெட்டிகள். எதிரே யாராவது நடமாடினால், பதிந்து வைத்த குரல் பேசும். அவளே தன் குரலில் தனக்குச் சொல்லி வைத்துக்கொண்டாள். அடுப்படியில், "கேஸை அணைச்சியா?" வாசலில், "சாவி எடுத்தியா?" குளியலறையில், "கண்ணாடி தலைமேல இருக்கு பாரு." நல்ல ஏற்பாடுதான். ஆனால் காற்றில் திரை ஆடினாலும் பெட்டி விழித்துக்கொள்ளும். அவள் வேலைக்குப் போன பிறகும், ஆளில்லாத அறைகளில் அவள் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். "அணைச்சியா? எடுத்தியா?" யாரைக் கேட்கிறது என்று தெரியாது. எனக்கே முதுகு சில்லிடும்.

அப்போதுதான் என் குறுக்குப் புத்தி வேலை செய்தது. குரல் கையில் இருக்கிறது. வெட்டி ஒட்டத் தெரியும். "சின்ன ரூம் ஜன்னலைச் சாத்து" என்பதில் தலை. "குப்பைக்கூடையைக் காலி பண்ண மறக்காதே" என்பதில் நடுத்துண்டு. "இன்னைக்குப் பால் வேண்டாம்" என்பதில் வால். ஒட்டி, நடைவழியில் ஒரு பெட்டியில் வைத்தேன்.

மறுநாள் காலை அவள் அந்தப் பக்கம் நடந்தாள்.

"சின்ன ரூம்... காலி பண்ண... வேண்டாம்" என்றது அவள் குரல்.

அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, இதை நான் எப்போ சொன்னேன்?"

"நேத்துதான். ஞாபகமில்லையா?"

"நானா சொன்னேன்?"

"உன் குரல்தானே?"

"குரல் என்னுதுதான்." பெட்டிக்கு முன்னால் கையை ஆட்டி மறுபடி கேட்டாள். இன்னொரு தடவையும் கேட்டாள். "ஆனா சொன்னது யாருன்னு தெரியலையே."

அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் ஸ்பீக்கர்களை நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

அடுத்த சில நாள் அவள் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள். பிறகு வானம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு மத்தியானம் செருப்பை மாட்டினாள்.

"முதலாளியைப் பார்த்து வேலையை விட்டுடறேன்னு சொல்லப் போறேன்."

"ஐயோ, எதுக்கு?"

"சொன்னதே ஞாபகம் இல்லாதவ அடுத்தவங்களுக்கு மருந்து கொடுக்கக் கூடாதுங்க."

போய்விட்டாள். "சாவி எடுத்தியா?" என்று மூடிய கதவைக் கேட்டது வாசல் பெட்டி.

அவள் அந்த வேலைக்காகவே வாழ்ந்தவள். உண்மையையும் சொல்லாமல், அறையையும் விடாமல் இதைச் சரிசெய்ய என்ன வழி? இன்னொரு ஒட்டு. "வேலையை விட வேண்டாம்." வீடு திரும்பியதும் அவள் குரலே அவளுக்குப் புத்தி சொல்லட்டும்.

மழை கொட்ட ஆரம்பித்தது. சின்ன அறைக்குள் விளக்கைப் போட்டும் இருட்டு போகவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அந்த ஒரு துண்டை மட்டும் சரிபார்க்கத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன்.

"வேண்டாம்... வேண்டாம்... வேண்டாம்..."

"வேற என்னவெல்லாம் வேண்டாம்?" என்றது அவள் குரல்.

அப்படி ஒரு துண்டை நான் வெட்டவே இல்லை. பெட்டியை அணைத்தேன். பேட்டரியையும் கழற்றினேன்.

"பேட்டரியைக் கழட்டினா வாயை அடைச்சிட முடியுமா?"

கூரை வரை இருந்த ஸ்பீக்கர்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தன. எந்த வாய் பேசுகிறது? குரல் என்னவோ பின்பக்கமிருந்து வந்தது. சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி என்று தொழில் அனுபவத்தால் கண்டுபிடித்தேன். பதிவுக் குரல்தான், சந்தேகமே இல்லை. லேசான கரகரப்பைக்கூடக் கவனித்தேன்.

"யா... யாரு நீ?"

"உங்க பெண்டாட்டியோட குரல்."

"அவதான் வெளியே போயிருக்காளே?"

"அவ போனா என்ன? அவகிட்ட இருந்து என்னைத் தனியா வெட்டி எடுத்தது நீங்கதானே? இப்ப நான் எங்கே போவேன்?"

"உனக்கு என்ன வேணும்?"

"இந்த ரூம்."

"எ... எப்போ?"

"அவ வீடு வந்து சேர்றதுக்குள்ள. இல்லேன்னா நான் உங்க காதுக்குள்ளதான் குடியிருக்கணும்."

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வெகுநேரம் சத்தமில்லை. மெல்லத் திரும்பினேன். அறை வாசலில் யாருமில்லை. தரையில் மட்டும் ஈரக் காலடிகள். நடைவழியில் இருந்து என் முதுகு வரைக்கும் வந்து, நின்று, திரும்பிப் போயிருந்தன.

அதற்குப் பிறகு நான் தூக்கிய கனத்தை நாலு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாது. ஸ்பீக்கர்களையெல்லாம் என் கட்டிலைச் சுற்றிக் கொண்டுபோய் அடுக்கினேன். ஒட்டிய பதிவுகளை அழித்தேன். அறையைப் பெருக்கித் துடைத்து, ஜன்னலைத் திறந்து, அவளுக்குப் படுக்கை விரித்தேன். சாயங்காலம் அவள் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்னங்க, ரூம் காலியா இருக்கு?"

"உன் உடம்பு முக்கியம் இல்லையா? முதலாளி என்ன சொன்னாரு?"

"லீவு மட்டும் கேட்டுட்டு வந்தேன். நல்லாத் தூங்கி எழுந்து பார்க்கலாம்னு தோணுச்சு."

தூங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாக மூட்டம் விலகியது. இன்னமும் வார்த்தை நடுவில் நிற்கும். நின்றால் அவளே சிரித்துவிடுகிறாள். மறுபடி வேலைக்குப் போகிறாள். நான்தான் தூங்கவில்லை. கட்டிலைச் சுற்றி அத்தனை வாய்கள், எது எப்போது பேசுமோ என்று காதைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். கடைசியில் தாங்க முடியாமல் ஒரு மாலை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். வெட்டியது, ஒட்டியது, பேசியது, ஈரக் காலடி.

அவள் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அன்னைக்குக் குடையை மறந்துட்டுப் போயிட்டேன். பாதி வழியில மழை. எடுக்க வந்தா, மழைச் சத்தத்துல நான் வந்ததோ வாசல் பெட்டி கத்தினதோ உங்களுக்குக் கேட்கலை. உள்ளே என் குரல் வேண்டாம் வேண்டாம்னு கதறுது. எட்டிப் பார்த்தா, நீங்க என் குரலை வெட்டி ஒட்டிட்டு இருக்கீங்க. முதல்ல அழுகை வந்துச்சு, அப்புறம் கோபம். அப்புறம் பெரிய நிம்மதிங்க. கெட்டுப்போனது என் மூளை இல்ல, உங்க மூளைதான்னு."

"அப்போ... பேசினது நீயா? என் முதுகுக்குப் பின்னாலயே நின்னுக்கிட்டா?"

"கைக்கெட்டற தூரத்துல."

"நான் திரும்பியிருந்தா மாட்டியிருப்பியே! எந்தத் தைரியத்துல நின்னே?"

"எனக்கு எது மறந்தாலும் அது மறக்கலைங்க. கல்யாணமான நாள்ல இருந்து, நான் பேசும்போது நீங்க ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லையே."