நித்தியானந்தன் திருத்திய துவக்கு

நித்தியானந்தனுக்கு இழைக்கப்பட்ட அநியாயங்கள், வரிசைப்படி:

முதலாவது, எழுபத்திரண்டில், ஊரில். மில் வேலைநிறுத்தத்துக்கு அவர் எழுதிய துண்டுப்பிரசுரம் தொழிற்சங்கச் செயலாளரின் பெயரில் வெளிவந்தது. இரண்டாவது, வெற்றிக் கூட்டத்தில். தேத்தண்ணி ஊற்றியவன் வரைக்கும் பெயர் சொல்லி நன்றி வாசித்தார்கள். இவர் பெயர் வரவில்லை. மூன்றாவது, எண்பத்தைந்தில், ஜெர்மனிக்கு வந்திறங்கிய ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில். பெயரைக் கேட்ட அதிகாரி பாதியில் களைத்து 'நித்தி' என்று எழுதி முடித்துக்கொண்டான். நாலாவது, இரண்டாயிரத்து ஐந்தில்.

சங்கம் என்று ஒன்றைக் கண்டால் சேராமல் இருக்க அவரால் முடியாது. டார்ம்ஸ்டாட்டுக்குப் பக்கத்து ஊரில் இருந்தது துவக்குச் சுடும் சங்கம். அதிலும் சேர்ந்தார். ஆண்டு விழாவில் ஆளுக்கு ஒரே ஒரு வெடி. நடுப்புள்ளிக்கு மிகக் கிட்டப் போனவர் அந்த வருஷ ராஜா. மண்டபத்தில் ஊரே எழுந்து நிற்க அவர் பெயரை வாசிப்பார்கள். அந்த வருஷம் ஒரு மயிரிழையில் அது அவருக்குத் தவறியது.

அடுத்த வசந்தத்தில் காற்றுத் துவக்கைக் கழற்றிக் குசினி மேசையில் பரப்பினார்.

"பிழை என்னிலை இல்லை, காந்தி. இரும்பு மரத்துக்குள்ளை ஆடுது. இடைவெளியைப் பசையாலை நிரப்பினா அசையாது. அமைப்பைத் திருத்தினா ஆள் தானாத் திருந்துவான்."

"பசை குழைக்க என்ரை தோசைமாக் கிண்ணமோ கிடைச்சது?" என்றாள் மனைவி சந்திரகாந்தி.

"போராட்டமெண்டால் இழப்பு இருக்கும்."

"இரும்பிலை மெழுகு பூசினீங்களோ? பூசாட்டி இரும்பும் மரமும் ஒட்டிப்போம், பிறகு கழற்றேலாது. பெட்டியிலை எழுதியிருக்கு."

"பெட்டியிலை எழுதினது முதலாளி. முதலாளி எழுதினதை நான் வாசிக்கிறேல்லை."

உண்மையில் ஜெர்மனில் எழுதிய எதையுமே அவர் வாசிப்பதில்லை. இருபது வருஷமாக அந்தத் தாள்களெல்லாம் அவள் பொறுப்பு. அவள் விரல் வைத்த இடத்தில் இவர் கையெழுத்து வைப்பார்.

தொலைபேசி அடித்தது. அவர் எழுந்து போனதும் அவள் ஒரு மெழுகுதிரியை எடுத்து இரும்பெங்கும் தேய்த்துவிட்டாள். மறுநாள், பசை அச்சாக இறுகியபின், இரும்பு மரத்திலிருந்து சுத்தமாகக் கழன்று வந்தது. தன் கைவண்ணத்தை அவரே மெச்சிக்கொண்டார்.

சனிக்கிழமை சங்கத்தில் பரீட்சை. அவர் ஐந்து வெடி வைத்தார். ஐந்து ஓட்டைகளும் ஒன்றுக்கொன்று கோபக்காரர் மாதிரித் தள்ளித் தள்ளி நின்றன.

"பசை இன்னும் காயேல்லை."

"தாங்கோ, நானும் ஒருக்கால் பாப்பம்."

அவளுடைய ஐந்தும் ஒரு ஐந்து சென்ட் காசுக்குள் அடங்கின.

"பாத்தீரோ," என்றார் பெருமையாக, "துவக்குத் திருந்தீட்டுது."

ஆனாலும் அவள் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். எழுபத்திரண்டில் பூட்டிய அறைக்குள் அவர் சொல்லச் சொல்ல ஸ்டென்சில் வெட்டிய கை. வெளியே பொலிஸ் ஜீப் நின்றபோது அவர் குரல்தான் நடுங்கியது. அவள் ஊசி ஒரு எழுத்தையும் கிழிக்கவில்லை. அந்த மை மணம் ஒரு கணம் அவருக்குத் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் சொன்னாள்: "பொம்பிளையள் அந்தப் பட்டத்துக்குச் சுடேலாதாம். இவங்கடை சட்டம்."

"ஆர் சொன்னது?"

"தலைவர் க்ரூகர்தான். உங்களாலை என்ன செய்யேலும், விடுங்கோ."

அது போதும். அன்றே துண்டுப்பிரசுரம் பிறந்தது. அவர் தமிழில் முழங்கினார், அவள் ஜெர்மனில் எழுதினாள். பொதுக்கூட்டத்தில் மேசையைத் தட்டினார், அவள் மொழிபெயர்த்தாள். சட்டம் மாறியது. முப்பத்துநாலு வருஷத்துக்குப் பிறகு ஒரு வெற்றி. அந்தக் கிறக்கத்தில் அவள் நீட்டிய மூன்று தாள்களிலும் கையெழுத்துப் போட்டார்.

விழா நாளில் தன் வெடியை வைத்துவிட்டுத் திரும்பினார். வரிசையில் அவருக்குப் பின்னால் அவள்.

"நீர் ஏன் இஞ்சை?"

"நானும் மெம்பர்."

"ஆர் சேர்த்தது?"

"நீங்கள்தான். மூண்டாவது தாள். துவக்கைத் தாங்கோ, திருந்தின துவக்கெல்லே."

பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. தலைவர் க்ரூகர் ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்து வாய்க்குள் பாடமாக்கிக்கொண்டிருந்தார். "நித்தி... யா... னந்தன்." முன்வரிசையில் இருந்த நித்தியானந்தனுக்குத் தெளிவாகக் கேட்டது. கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு அவர் எழும்பினார்.

சீட்டில் இருந்தது சந்திரகாந்தியின் கையெழுத்து. எழுத்தெழுத்தாகப் பிரித்துக் கொடுத்திருந்தாள். பியர்க் கிளாசுகளோடு எழுந்து நின்ற இருநூறு பேர் முன்னால், ஒரு எழுத்தும் பிசகாமல் க்ரூகர் வாசித்தார்:

"சந்திரகாந்தி நித்தியானந்தன்."