காத்திருப்போர் மைனஸ் ஒன்று

சான்றிதழ் அலுவலகத்தில் அன்று காலை காத்திருந்தவர்களின் எண்ணிக்கை மைனஸ் ஒன்று. திரையில் சிவப்பாக அப்படித்தான் எரிந்தது. அலுவலகத் திரை பொய் சொல்லாது. நாற்காலி கிடைக்காமல் சன்னல் திட்டிலும் படிக்கட்டிலும் உட்கார்ந்திருந்த ஜனங்கள்தான் அதை மதிக்காமல் இருந்துகொண்டே இருந்தார்கள்.

கோளாறு மிகச் சிறியது. டோக்கன் புரோகிராம் எழுதப்பட்டது ஒரு கணினி மொழியின் ஆதிகாலப் பதிப்பில். அதில் சமக்குறியையும் கழித்தல் குறியையும் ஒட்டிப் போட்டு ஒன்று என்று எழுதினால், 'இருப்பதில் ஒன்றைக் கழி' என்று பொருள். 'மைனஸ் ஒன்று என்று வை' என்றும் அதைப் படிக்கலாமே என்பது மொழியைச் செய்தவர்களுக்கே பிற்பாடுதான் உறைத்தது. புதுப் பதிப்பில் கழிப்பதற்குக் குறிகளின் வரிசையை மாற்றிவிட்டார்கள்.

பக்கத்து அலுவலகத்தில் புதுப் பதிப்பு வந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக நம் தலைமை அதிகாரியும் அதையே போட்டார். பழைய வரி மட்டும் பழையபடியே கிடந்தது; புதுப் பதிப்பு அதை 'மைனஸ் ஒன்று என்று வை' என்றே படித்தது. அன்றிலிருந்து, தினமும் முதல் ஆளுக்கு வேலை முடிந்ததும் மீதி ஜனம் மொத்தமும் மைனஸ் ஒன்றாகிவிடும். ஆள் இல்லாத கூடத்தில் கவுன்டருக்கு என்ன வேலை? தானாகப் பூட்டிக்கொள்ளும்.

"சார், பையன் பேரைத் திருத்தித் தரணும். இன்னிக்குச் சாயங்காலத்தோட ஸ்கூல்ல அட்மிஷன் முடியுது," என்றார் ஓர் அம்மா.

"யாருமே காத்திருக்கலையேம்மா," என்று கிளார்க் திரையைக் காட்டினார்.

"நான் நிக்கிறேனே சார்."

"நீங்க நிக்கிறது உங்க சொந்த விஷயம்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

"பார்த்தீங்களா, நாங்க பேச்சு மாறுறதில்ல."

உள்ளே புரோகிராமர் மேடம் தலைமை அதிகாரியிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"ஒரே வரி சார். ரெண்டு குறியை இடம் மாத்தினா சரியாயிடும்."

"எது சரியாகணும்? காத்திருப்போர் பூஜ்யம்னா கேடயம் குடுக்கிறாங்க. நாம பூஜ்யத்தையும் தாண்டிட்டோம். அதாவது, இன்னும் வராத ஒருத்தருக்கும் வேலையை முடிச்சுட்டோம்."

"யாரு சார் அந்த ஒருத்தர்?"

"வந்தாத்தானே தெரியும்."

மேலிடத்துக்கும் இது பிடித்துப்போனது. எல்லா அலுவலகங்களும் மைனஸை எய்துமாறு அன்புடன் ஆணையிடப்பட்டது. ஒரு மூலை அலுவலகம் மைனஸ் ஐந்து என்று பீற்றிக்கொண்டது. கதவையே திறக்காமல் சாதித்ததாகப் பேச்சு.

மதியம் அதிகாரி சாப்பிடப் போன நேரத்தில் மேடம் குறிகளை மாற்றிவிட்டார். திரை கண் சிமிட்டி, கொடுத்த டோக்கன்களைப் புதிதாக எண்ணியது. காத்திருப்போர்: இருநூற்றுப் பன்னிரண்டு.

கையைக்கூடத் துடைக்காமல் ஓடிவந்தார் அதிகாரி. "முன் அனுமதியின்றிப் பொதுமக்களை உருவாக்கியிருக்கீங்க. விளக்கம் எழுதிக் குடுங்க."

"காலையிலேர்ந்து அங்கதான் சார் இருக்காங்க."

"ஆதாரம்?"

ஆதாரம் அதற்குள் எழுந்து நின்று சண்டைக்கு வந்துவிட்டது.

"காலையிலேர்ந்து மைனஸ் ஒண்ணுதானே இருந்துச்சு? சாப்பிட்டுட்டு வந்து இருநூறு ஆக்கிட்டாங்கப்பா."

"நடுவுல வேண்டியவங்களை நுழைச்சிருக்காங்க."

"இவ்வளவு நேரம் உட்கார்ந்தவன் கேனையனா?"

அந்த அம்மா நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். "பழைய நம்பரைப் போடுங்க. போடுற வரைக்கும் நகர மாட்டோம்."

அவர் குரலுக்குக் கூடமே பின்பாட்டுப் பாடியது. அந்த இரைச்சலுக்குக் கீழே கவுன்டர் தன்பாட்டுக்குத் திறந்து, ஒலிபெருக்கி அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டது. இன்னொரு முறையும் கூப்பிட்டது. அந்த அம்மாவின் கைக்குள் கசங்கிக்கொண்டிருந்த எண்தான் அது. எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்திக்கொண்டிருந்ததால் அவருக்கு அது கேட்கவில்லை.

பொதுமக்களின் விருப்பத்துக்கு மதிப்பளித்து அதிகாரி கையசைத்தார். மேடம் குறிகளைப் பழையபடி இடம் மாற்றினார். கூப்பிட்டும் வராத டோக்கன் முடிந்ததாகக் கணக்காகி, மைனஸ் ஒன்று எரிந்தது; கவுன்டர் பூட்டிக்கொண்டது; கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

நாற்காலியிலிருந்து இறங்கி உட்கார்ந்த அந்த அம்மா, பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "விட்டா ஏமாத்திருப்பாங்க. இனி நமக்கு முன்னால ஒருத்தரும் இல்ல. சாயங்காலத்துக்குள்ள ஆயிடும்."