துறைமுகக் கட்டத்தைக் கடந்தது எங்கள் வீடுதான்

உப்புவெளி,
திருகோணமலை.
18.10.2003

கணினிப் பக்கப் பொறுப்பாசிரியர் ஐயா அவர்களுக்கு,

உப்புவெளியிலிருந்து இராசதுரை பூரணி பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். மின்சாரம் மட்டும் நாள்விட்டு நாள் நலமாக இருக்கிறது. தாங்களும் தங்கள் அச்சுக்கூடத்தாரும் எந்நாளும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

ஐயா, சென்ற ஞாயிறு தங்கள் பக்கத்தில் ‘நிழல் ஒற்றன்’ என்ற வீடியோ விளையாட்டின் விரிவாக்கிய மறுபதிப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பழைய விளையாட்டோடு புதிய கட்டங்களையும் சேர்த்துத் திரும்ப வெளியிட்டிருக்கிறார்கள் என்றும், சேர்த்தவற்றுள் கடைசியான ‘துறைமுகம்’ என்ற கட்டத்தை அபாயச்சங்கு ஊதாமல் கடக்க மனிதரால் முடியாது என்றும், கொழும்பில் தாங்களும் நண்பர்களும் முயன்று கைவிட்டீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படிக் கடந்த வாசகர் எவராவது இருந்தால் திரையைப் படம்பிடித்து, கடந்த வழியையும் எழுதி இம்மாத முடிவுக்குள் அனுப்பினால், ஒரு மாதத்துக்கு அந்தப் பக்கத்தையே அவரிடம் எழுதத் தருவதாகவும் சொல்லியிருந்தீர்கள். பணிவுடன் அறியத்தருவது, எங்கள் வீடு கடந்துவிட்டது. படத்தை இத்துடன் இணைத்துள்ளேன்.

அந்தப் பக்கம் எனக்கு ஏன் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் முதல் பட்டதாரி நான். பட்டம் வந்துவிட்டது, வேலை வரவில்லை. துறைமுகத்தில் அப்பாவோடு வேலை செய்பவர்கள் "மகள் என்ன செய்யிறா?" என்று கேட்கக் கேட்க, ஒருநாள் வாய் தவறி, "பிள்ளை பேப்பருக்கு எழுதுறா" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அது அவருக்கே பிடித்துப்போய்விட்டது. இப்போது மீன்காரருக்குத் தெரியும், சல்லி அம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கும் எல்லாக் கடைக்காரருக்கும் தெரியும். அடுத்த வீட்டுத் திரேசம்மா அன்ரி ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து பத்திரிகையை மரண அறிவித்தல் வரைக்கும் தேடி வாசித்துவிட்டு, வேலிக்கு மேலால் எட்டி, "இந்தக் கிழமையும் வரேல்லையே பிள்ளை" என்று ஆறுதல் சொல்கிறார். ஆகவே அப்பா சொன்னதை உண்மையாக்குவது ஐயாவின் கையில் இருக்கிறது.

இனிக் கடந்த வழி. பழைய ‘நிழல் ஒற்றன்’ எங்கள் வீட்டுக்கு வந்தது இந்தச் சமாதானம் வந்த கையோடு. கனடாவிலிருந்து பாக்கியரத்தினம் மாமா, அம்மாவின் தம்பி, விளையாட்டுப் பெட்டியோடு அனுப்பியிருந்தார். கனடாக் கரண்டு எங்கள் கரண்டில் பாதிதான் என்பதை மாமாவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முதல் பெட்டி ஒரு சின்னப் புகையோடு போய்ச் சேர்ந்தது. மாமா வெட்கப்பட்டு இரண்டாவதை அனுப்ப, அப்பா எங்கிருந்தோ ஒரு ட்ரான்ஸ்போமர் கொண்டுவந்து பூட்டினார். அது ஓடும்போது ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தும். படமும் வந்தது, ஆனால் கனடாப் பெட்டிக்கும் எங்கள் ரீவிக்கும் ஒத்துப்போகாததால் கறுப்பு வெள்ளையில் வந்தது. சிவப்பு விளக்கில் ஒளி, பச்சை விளக்கில் ஓடு என்று தாங்கள் முன்பொருமுறை எழுதியிருந்ததை நாங்கள் சாம்பல் விளக்கில் ஒளித்துச் சாம்பல் விளக்கில் ஓடிப் பழகினோம். இதையெல்லாம் முறைப்பாடாகச் சொல்லவில்லை ஐயா. நிறம் தெரிந்த கொழும்பால் முடியாததை நிறம் தெரியாத உப்புவெளி முடித்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த விளையாட்டில் எனக்குக் கை நன்றாக வந்தது. காரணம் உண்டு. ஒருவர் கண்ணிலும் படாமல் இருப்பது எனக்குப் பிறவியிலேயே வரும். வளாகத்தில் என் பக்கத்து வாங்கில் இருந்தவளே நான் வரவில்லை என்று நினைத்து எனக்காகக் குறிப்பு எடுத்து வைத்திருக்கிறாள். ஒரு விரிவுரையாளர் பட்டமளிப்பு நாளில் என்னைப் பார்த்து, "நீங்கள் எந்த வளாகம்?" என்று கேட்டார். ஆகவே சுவரோடு சுவராக ஒட்டிப்போவதும், மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குள் இருப்பதும் எனக்குப் பாடமே இல்லை. அம்மாவுக்குத்தான் அந்த ஒற்றனைப் பிடிக்காது. குசினிக்குள் சமைத்தபடியே பார்த்து, "அந்தப் பெடியன் ஏன் பிள்ளை மதிலோட மதிலா ஒட்டுறான்? கண்டா வெடி வைக்கப்போறாங்கள். நடு றோட்டால நடக்கச் சொல்லு" என்பார். இருட்டு வந்துவிட்டால், "கையில ஒரு லாம்பாவது கொண்டு போகலாம்தானே" என்பார்.

அப்பாவோ அதற்கு மேல். இரவு வேலை இல்லாத நாட்களில் வந்து, "தா பார்ப்பம்" என்று வாங்குவார். நல்லாய் நடத்திக்கொண்டு போவார். காவல்காரன் கண்ணில் பட்டதும் நிறுத்திவிடுவார். ஒளிக்கமாட்டார், ஓடமாட்டார். நேரே அவன் முன்னால் போய், இரண்டு எட்டுத் தள்ளி, கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பார். காவல்காரன் சுடுவான். மறுபடி தொடங்குவார், மறுபடி போய் நிற்பார், அவனும் மறுபடி சுடுவான்.

"அப்பா, ஒளிக்கவேணும். இது ஒற்றன்."

"ஒளிச்சாத்தான் பிள்ளை சந்தேகப்படுவாங்கள். சைக்கிளால இறங்கி, தொப்பியைக் கழட்டி, ஆறுதலா நிண்டா விடுவாங்கள். இத்தனை வருசம் நான் ஹாபருக்குள்ள வேலைக்குப் போய் வரேல்லையே?"

"இவன் விடேல்லையே."

"இவன் புதுசு. மாறி வந்தவன் போல. முகம் பழகினா விடுவான்."

முகம் பழகவில்லை. அப்பா அந்தக் காவல்காரனிடம் சாகாத நாள் இல்லை. ஆனாலும் ஒரு தடவைகூட ஒளிக்கவில்லை.

இப்படியிருக்கும்போது போன மாதம் மாமா விரிவாக்கிய பதிப்பை அனுப்பினார். உறையில் அதே ஒற்றன், அதே மதில். அம்மா பார்த்துவிட்டு, மாமாவைப் பற்றி, "உவன் சின்னனிலயும் உப்பிடித்தான். ஒரு பகிடியைச் சொல்லிப்போட்டுத் திரும்பவும் வந்து அதையே சொல்லுவான்" என்றார். அப்பா அதைத் திருப்பி அனுப்புவதற்குப் பொதி கட்டவே தொடங்கிவிட்டார். தங்கள் கட்டுரையை நான் வாசித்துக் காட்டிய பிறகுதான் கட்டை அவிழ்த்தார். ‘துறைமுகம்’ என்ற சொல்லைக் கேட்டதும், "அப்ப அதை நான் பாக்கத்தான் வேணும்" என்றார்.

முதலில் நான் முயன்றேன். ஐயா எழுதியது சரி, அங்கே ஒளிக்க இடமே இல்லை. எண்ணெய்த் தாங்கிகளுக்கு இடையில் போனால் தேடுவிளக்கு, ஜெட்டிக்குக் கீழால் போனால் நாய், கொள்கலன்களின் மேலால் போனால் மறுபடி தேடுவிளக்கு. சங்கு ஊதி ஊதி, கடைசியில் திரேசம்மா அன்ரி வேலிக்கு மேலால், "கடற்கரைப் பக்கம் என்னவும் பிரச்சினையோ?" என்று கேட்டார். ஒளிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று இருந்தவள் நான். அன்றைக்குக் கையை விரித்துவிட்டேன்.

அப்பா கேட்டார், "இந்தத் தரம் இவனுக்கு ஏன் சாதாரண உடுப்புப் போட்டிருக்கிறாங்கள்?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். இந்தக் கட்டத்தின் தொடக்கத்தில் மட்டும் ஒற்றனுக்குத் தொழிலாளி உடுப்பும் சட்டைப்பையில் ஓர் அட்டையும் கொடுத்திருக்கிறார்கள். அழகுக்காக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். அப்பா வாங்கி, முதற் காவல்காரன் முன்னால் கொண்டுபோய் வழக்கம்போல நிறுத்தினார்.

"அட்டையைக் காட்டு பிள்ளை."

"காட்டுற பட்டன் இல்லையப்பா."

"அப்ப பேசாமல் நிப்பம். தேவையெண்டா அவன் கேப்பான்தானே."

காவல்காரன் வந்தான். விளக்கை ஒற்றனின் முகத்தில் அடித்தான். ஒருதரம் சுற்றி வந்தான். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அம்மா கையில் அகப்பையோடு வந்து கதிரைக்குப் பின்னால் நின்றார். அப்பா மட்டும் அசையவில்லை. ஒற்றன் எப்படி நின்றானோ அப்படியே கதிரையில் இருந்தார், முழங்காலில் இரண்டு கையும். காவல்காரன் தலையை ஒருபக்கம் ஆட்டி, வழிவிட்டு விலகினான்.

அம்மா சொன்னார், "பாத்தியே. நான் அப்பவே சொன்னனான், நடு றோட்டால போகச் சொல்லி."

பழைய விளையாட்டில் இல்லாத ஒன்றை இதில் சேர்த்திருக்கிறார்கள் ஐயா. ஆயுதம் எடுக்காமல், ஓடாமல், காவல்காரனின் முன்னால் போய்த் தானாக நின்றால் அவன் பார்த்துவிட்டு விடுகிறான். உலகத்தில் வேறு எவருக்கும் அது தெரியாமல் போனதற்குக் காரணம், வேறு எவரும் தானாகப் போய் நிற்கமாட்டார்கள் என்பதுதான். அப்பா ஒவ்வொரு காவலிலும் நின்றார். எல்லாரும் விட்டார்கள். ஓரிடத்தில் காவற்கூடு வெறுமையாக இருந்தது. அங்கேயும் நின்றார்.

"அதுக்குள்ள ஆளில்லையப்பா."

"உள்ளுக்க தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருப்பான். நாங்கள் மரியாதையா நிண்டிட்டுப் போவம்."

கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனார். அப்படியே கப்பலடி வரைக்கும் நடந்தார். சங்கு ஊதவில்லை. திரையில் துறைமுகம் முழுதும் தெரிய, அதன் மேல் ‘அபாயம்: பூச்சியம்’ என்று ஆங்கிலத்தில் விழுந்தது. அப்பா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்ப நான் வெளிக்கிட்டு வேலைக்குப் போகட்டே" என்று எழும்பினார்.

அதன் பிறகு படம் பிடிக்கும் வேலை தொடங்கியது. சந்தியில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் ஸஹாப்தீன் நானா தன் கமராவை இரவல் தந்தார். வெளிச்சம் போதாது என்று வாசற்கதவைத் திறந்துவைத்து, அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கப் பிடித்தோம். அன்றைக்குப் பின்னேரமே ட்ரான்ஸ்போமர் கடைசியாக ஒருதரம் கத்திவிட்டு ஓய்ந்துவிட்டது, ஆகவே திரும்பப் பிடிக்கும் வழி இல்லை. இரண்டு நாள் கழித்து நானும் அப்பாவும் படத்தை வாங்கப் போனபோது நானா கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டுத்தான் கதைத்தார்.

"மகள், இது நம்மட ஹாபரா?"

"இல்லை நானா, விளையாட்டு."

"எண்ணெய்த் தாங்கி இருக்கு, ஜெட்டி இருக்கு, சென்றிக் காவல் எங்க எங்க எண்டு எல்லாம் இருக்கு. இதையா விளையாட்டு எண்டு சொல்றீங்க?"

அப்பா இடையில் புகுந்து, "நானா, இது ஆரோ வெளிநாட்டுக்காரன் கீறினது. எங்கட ஜெட்டி இவ்வளவு துப்புரவா இருக்குமே?" என்று கேட்டார். அந்த ஒரு நியாயத்தை நானா ஏற்றுக்கொண்டு படத்தைத் தந்தார். ஆனால், "நெகற்றிவ்வை நான் அடுப்புக்குள்ள போட்டுட்டன். பிள்ளகுட்டிக்காரன் நான்" என்றும் சொன்னார். ஆகவே இணைத்துள்ள படம் உலகத்தில் ஒன்றே ஒன்று. கையழுக்குப் படாமல் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

நான்தான் கடந்ததாக எழுதும்படி அப்பா சொன்னார். "இந்த வயசில விளையாடினதெண்டா ஆக்கள் சிரிப்பினம்" என்றார். அதனால்தான் ‘எங்கள் வீடு’ என்று எழுதினேன். நடந்து கடந்தவர் அவர், எழுதப்போவது நான். பக்கத்தின் கீழே என் பெயர் போடும்போது அப்பாவின் பெயரையும் சுருக்காமல் முழுதாகப் போடவும். எழுத்துக் கொஞ்சம் பெரிதாயிருந்தால் திரேசம்மா அன்ரிக்கும் கண்ணாடி தேடும் வேலை இல்லை.

ஐயாவின் பக்கம் மேலும் வளரவும், கொழும்பில் கரண்டு நில்லாமல் ஓடவும் அம்மாவும் அப்பாவும் வாழ்த்துகிறார்கள். நானும் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
இராசதுரை பூரணி

பி.கு: ஐயா, இதைத் தபாற்கந்தோர் மேசையில் நின்று எழுதுகிறேன். மேலே ‘இத்துடன் இணைத்துள்ளேன்’ என்று எழுதிய இடங்களைத் தயவுசெய்து வெட்டிவிடவும். நகருக்குள் வரும் சென்றியில் கடற்படைக்காரர் ஒருவர் கடித உறையைத் தடவிப் பார்த்துவிட்டுப் பிரித்தார். படத்தை எடுத்து வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அப்பா சைக்கிளை விட்டு இறங்கித் தொப்பியைக் கழற்றி வழக்கம்போல நின்றார், ஆனால் இந்தமுறை அவன் கேட்க முன்னரே தன் அட்டையை எடுத்து நீட்டிவிட்டார். ஆகவே நான் தலையை நிமிர்த்தி, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் உரத்த குரலில், இது விளையாட்டு என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, தங்கையைக் கூப்பிடும் சிங்களச் சொல்லோடு அரைகுறைத் தமிழில், "தெரியும் நங்கி. இந்த லைற்ல நான் எல்லா நாளும் சாகிறது. எப்பிடிப் போன?" என்று கேட்டார். பின்னால் பஸ் வந்து நின்று ஹோர்ன் அடிக்க அடிக்க நான் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். அவர் மிகவும் நன்றி சொல்லி, துறைமுகப் படம் வெளியே கொண்டுபோவது தடை என்று சிரித்துக்கொண்டே அதைத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். தங்கள் சிங்களச் சகோதரப் பத்திரிகையிலும் இதே போட்டி இருக்கிறதாம். எனவே என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை, இந்தக் கடிதத்தை எழுதாததாகவே கொள்ளவும். ஆனால் அந்தப் பத்திரிகையில் திருகோணமலையிலிருந்து ஒரு படம் வந்து, ரீவிக் கண்ணாடியில் வாசல் வெளிச்சத்தோடு இடுப்பில் சாரம் கட்டிய ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தால், அவர் கடற்படையைச் சேர்ந்தவர் அல்லர். அவர் என் அப்பா.